வலப்பக்கத்துப் பூட்டு

வண்டியில் வலப்பக்கம் உட்காருகிறவர்தான் இறங்கி வேலிக்கதவைத் திறக்கவேண்டும். சாக்கோச் சமவெளியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாலோ சாந்தோ மாட்டு முகாமிலிருந்து நெடுஞ்சாலைக்கு அறுபது கிலோமீட்டர் மண்பாதை, ஏழு கதவு. பதினெட்டு வருஷமாக அந்த வண்டியில் வலப்பக்கம் உட்கார்ந்தவள் சுனில்டா ஒருத்திதான். அன்றைக்கு, மகள் அனுப்பியிருந்த நீலப் பாவாடையும் புதுச் செருப்புமாக இறங்கி மூன்றாவது கதவின் கம்பிக் கொக்கியைக் கழற்றும்போது, முதல் துளி அவள் பிடரியில் விழுந்தது.

ஏழு மாதம் கழித்து விழுந்த துளி. காலையில் கிளம்பும்போது வடக்குக் காற்று அடுப்பைத் திறந்துவிட்டதுபோல வீசிக்கொண்டிருந்தது. இப்போது காற்று நின்று, தெற்கே ஈயப் பாத்திரத்தின் அடிப்பாகம்போல வானம் கறுத்திருந்தது.

"இன்னிக்குத்தானா வரணும்," என்றாள்.

எலிஹியோ வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்தான்.  பிறகு இறங்கி இடப்பக்க முன்சக்கரத்தருகே குனிந்தான். அவள் வலப்பக்கச் சக்கரத்தருகே குனிந்தாள்.

பழைய வண்டி அது. முன்சக்கரங்களும் இழுக்கவேண்டுமென்றால் உள்ளே இருக்கும் நெம்புகோலைப் போட்டால் மட்டும் போதாது. இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழ் இருக்கும், அதைக் கையால் திருப்பிப் பூட்டவேண்டும். ஒன்றைப் பூட்டி ஒன்றை விட்டால் இரண்டுமே சும்மா உருளும். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவள். வண்டி வந்த முதல் மழைக்காலத்திலிருந்து அப்படித்தான். வலப்பக்கத்துக் குமிழ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு திருப்பினால்தான் 'டக்'கென்று உட்காரும். உட்கார்ந்தது. விரலில் ஒட்டிய கறுப்பு மசியைப் பாவாடையில் துடைக்கப்போய், நிறுத்திக்கொண்டு, கதவுக் கட்டையில் துடைத்தாள்.

"பூட்டியாச்சா?"

"ஆச்சு."



ஊருக்குச் சொன்னது இரண்டு மாதம். மகள் மிர்னாவுக்குப் பேறுகாலம், தலைநகருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. எலிஹியோவும் சரியென்றுதான் சொன்னான். ஆனால் சாக்கோ முழுக்கக் கேட்கும் வானொலியில் காலை ஆறு மணிக்கு ஆட்களுக்கு வந்த செய்திகளை வாசிப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் அதில் வந்தது: 'பாலோ சாந்தோ முகாமில் இருக்கும் சுனில்டா அம்மாவுக்கு. அறை தயார். கட்டிலும் மூணு கதவு அலமாரியும் வாங்கியாச்சு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பேருந்துக்கு வரவும். மகள் மிர்னா.'

எலிஹியோ அப்போது பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்கு யாரும் மூன்று கதவு அலமாரி வாங்குவதில்லை. அவன் கயிற்றை முடிச்சுப் போட்டான், குதிரைக்குச் சேணம் வைத்தான், போனான். இரவு வந்தபோது சூப்பில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னான்.

ஏன் போகிறாய் என்று கேட்டிருந்தால் அவளிடமும் எடுத்துச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அவன் அடித்தவனில்லை. குடிப்பதும் வருஷத்துக்கு இரண்டு நாள்தான். இருபத்தாறு வருஷத்தில் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொள்ளாமல் ஒருமுறைகூட அவளைக் கடந்து போனதில்லை. ஆனால் ஜூன் மாதம் ஒரு மதியம், கோழிக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தவள், தான் உரக்கப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டாள். வானொலியில் வானிலை வாசிக்கிறவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். 'அப்படியாப்பா? நாளைக்கும் மழை இல்லையா?' என்று. அன்றைக்கு அந்த நேரம்வரை அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

நாலாவது கதவைத் தாண்டியதும் மழை கொட்டியது. இந்த மண் காயும்போது முகத்துக்குப் போடும் பவுடர்போல இருக்கும். நனைந்தால் சோப்பு. வண்டியின் பின்பக்கம் ஒருமுறை வலதுக்கும் ஒருமுறை இடதுக்கும் ஆடியது. எலிஹியோ ஸ்டியரிங்கை ஒடிக்காமல், பிரேக்கை மிதிக்காமல், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போகிறவன்போல ஓட்டினான். பனைவெளி தொடங்கும் இடத்தில் நிறுத்தினான். முன்னால் இரண்டு கிலோமீட்டர் தட்டையான தரை, தூரத்துக்குத் தூரம் ஒற்றைப் பனைகள், நடுவே பாதை மட்டும் பளபளவென்று.

"டயரப் பாத்துட்டு வரேன்," என்று இறங்கினான்.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவனுடைய தொப்பி முன்னால் நகர்ந்து அவள் பக்கம் வருவதை மட்டும் பார்த்தாள். தொப்பி குனிந்தது. சேற்றைச் சுரண்டுகிறான்போல. வெகுநேரம் சுரண்டினான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"இருக்கு."

பனைவெளிக்குள் முந்நூறு மீட்டர்கூடப் போயிருக்காது. வண்டி மெல்ல, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் வழுக்கிப்போய் ஓரத்துப் பள்ளத்தில் உட்கார்ந்தது. பின்சக்கரங்கள் கத்தின. பிறகு அச்சுவரை இறங்கின.

மணி பத்தரை. பேருந்து நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு ஐந்து மணிக்கு வரும். அடுத்தது செவ்வாய்க்கிழமை.

சுனில்டா செருப்பைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி இருக்கையில் வைத்தாள். நீலப் பாவாடையை முழங்காலுக்குமேல் ஏற்றி முடிந்தாள். இறங்கினாள். சேறு குளிர்ந்து கணுக்காலைப் பிடித்தது.

"நீ உள்ளயே இரு, கெழவி."

"உள்ள இருந்தா வண்டி நகருமா?"

மண்வெட்டி, வெட்டுக்கத்தி, வண்டியை உயர்த்தும் தூக்கி, தூக்கிக்கு அடியில் வைக்க ஒரு கெட்டிக் கெப்ராச்சோ மரப்பலகை. எல்லாம் பின்னால் எப்போதும் இருப்பவை. எலிஹியோ பின்சக்கரத்தைத் தோண்டினான். இந்த மண்ணைத் தோண்டுவது வேலையே இல்லை, தண்டனை. ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்தால் அது மண்வெட்டியை விடாது, காலால் தட்டி உதறவேண்டும். அவள் வெட்டுக்கத்தியுடன் புதர்ப்பக்கம் போய் முள்கிளைகளை வெட்டி இழுத்து வந்து குவித்தாள். ஒவ்வொரு நடைக்கும் பாதத்தில் தட்டுபோலச் சேறு ஏறி அவள் உயரம் கூடியது. பலகை வைத்துத் தூக்கியைப் போட்டார்கள். வண்டி ஏறவில்லை, பலகை இறங்கியது. எடுத்து மறுபடி போட்டார்கள். கிளையைச் செருகினார்கள். அவன் ஏறி ஓட்ட, அவள் பின்னால் நின்று தள்ளினாள். சேறு அவள் மார்பிலும் முகத்திலும் வந்து அடித்தது. வண்டி ஒரு முழம் போய், கிளைகளை முழுங்கிவிட்டு, முன்னைவிட ஆழமாக உட்கார்ந்தது.

"மறுபடி," என்றான்.

மறுபடி செய்தார்கள். மழை விட்டது. கொசு வந்தது. மறுபடி செய்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேருந்தில் சாப்பிடுவதற்கென்று அவள் பொட்டலம் கட்டியிருந்த வேகவைத்த மரவள்ளியும், உப்புக்கண்டமும், ஆறிப்போன முட்டை அடையும். அவன் மாட்டுக்கொம்புக் குவளையில் இலைத்தூளைப் போட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றி, உறிஞ்சுகுழலை அவள் பக்கம் திருப்பி நீட்டினான். அவள் குடித்துவிட்டுக் கொடுத்தாள். அவன் தனக்கு ஊற்றிக் குடித்துவிட்டு மறுபடி அவளுக்கு ஊற்றினான். தெரெரே என்னும் இந்த இலைநீரைக் குடிக்கும்போது நன்றி என்று சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். இருவரில் யாரும் அதைச் சொல்லவில்லை. குடுவையில் தண்ணீர் தீரும்வரை குவளை போய்வந்துகொண்டிருந்தது.

அவன் கைகளைப் பார்த்தாள். வலது உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. இருபத்தாறு வருஷம் கயிறு பிடித்த கையே உரிந்திருந்தது.

"கொஞ்சம் நிறுத்திட்டுத் தோண்டேன்."

"அஞ்சு மணிக்கு வண்டி."

இதைச் சொன்னபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு மணி தாண்டி, பனைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குதிரை வந்தது. பக்கத்துப் பண்ணையின் தொரிபியோ. வாயாடி. இந்தப் பக்கத்தில் ஆள் குறைவு என்பதால் மூன்று ஆள் பேச்சை அவன் ஒருவனே பேசுவான். கேலி செய்தாலும் ஆணைத் 'தோன்' என்றும் பெண்ணை 'ஞா' என்றும் மரியாதையாகத்தான் கூப்பிடுவான்.

"அடடா, தோன் எலிஹியோ! என்ன, வண்டிய நட்டுவச்சுத் தண்ணி ஊத்துறீங்களா? எப்ப காய்க்கும்?"

"வாயை மூடிட்டு இறங்கு."

"இறங்க மாட்டேன். இறங்குனா எனக்கும் உங்க கதிதான்." சுனில்டாவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். "ஞா சுனில்டா! இதென்ன கோலம்? மண்ணுல செஞ்சு வச்ச பொம்ம மாதிரி இருக்கீங்க. வெள்ளிக்கிழமை பஸ்ஸுன்னு ரேடியோல சொன்னாங்களே?"

"நீயும் கேட்டியா?"

"சாக்கோவே கேட்டுச்சு. மூணு கதவு அலமாரி! எங்க வீட்டுக்காரி அன்னைக்குப் புடிச்சவ இன்னும் விடல. 'ஞா சுனில்டாவுக்கு மூணு கதவு, எனக்கு ஒரு ஆணி'ங்கிறா. அவ துணிமணியெல்லாம் ஆணியிலதான தொங்குது."

யாரும் சிரிக்கவில்லை. எலிஹியோ தோண்டிக்கொண்டே இருந்தான். தொரிபியோவுக்குத் தான் எதையோ மிதித்துவிட்டது தெரிந்தது. சுருக்குக் கயிற்றை அவிழ்த்தான். "சரி சரி. முன்னாடி மாட்டுங்க. இவன் இழுத்துப் பாக்கட்டும்."

கயிற்றை வண்டி முன்னால் மாட்டினார்கள். எலிஹியோ ஏறி உட்கார்ந்தான், சுனில்டா பின்னால் போனாள். குதிரை நாலு எட்டு வைத்து, முன்னங்கால் வழுக்கி, முட்டி போட்டு எழுந்தது. வண்டி அசையவில்லை.

"வேணாம், இவன் காலு ஒடிஞ்சா என் முதலாளி என் காலை ஒடிப்பாரு." தொரிபியோ கயிற்றைச் சுருட்டினான். பிறகு புருவத்தைச் சுருக்கினான். "தோன் எலிஹியோ, முன்சக்கரம் சுத்தவே இல்லையே? பின்னாடி ரெண்டும்தான் மண்ண வாரி எறியுது. முன்னாடி ரெண்டும் கோயில்ல உக்காந்தாப்புல உக்காந்திருக்கு."

"சுத்துது."

"இல்லங்கிறேன். நேரா நின்னு பாத்தேன்ல."

"மழைத்தண்ணி கண்ணுல. சுத்துது, நீ போ."

தொரிபியோ தோளைக் குலுக்கினான். "மழையில ரோடு கெட்டுரும்னு சங்கிலிக்காரர் ஹசிந்தோ நெடுஞ்சாலை முனையில சங்கிலி போட்டுப் பாதையப் பூட்டிட்டாராம். உள்ள யாரையும் விடல. வெளிய வரவங்கள ஒண்ணும் சொல்லமாட்டாரு, திட்டு மட்டும் உண்டு." சுனில்டா பக்கம் குனிந்தான். "பின்னாடி ஏறிக்கிறீங்களா? நான் கொண்டுபோய் விடுறேன்."

"இருபத்திரண்டு கிலோமீட்டர், இந்தச் சேத்துல?"

"ராத்திரி ஆயிரும். பஸ்ஸு போயிருக்கும். ஆனா பேச்சுத்துணைக்கு நான் இருப்பேனே."

இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீ போ, தொரிபியோ. வீட்டுக்காரிக்கு இன்னொரு ஆணி அடிச்சுக் குடு."

குதிரை பனைகளுக்குள் சின்னதாகிப் போனது.

சுனில்டா வண்டியின் பின்னாலேயே நின்றாள். மூன்று மணிநேரத்துக்கு மேலாக, அவன் ஓட்டும்போதெல்லாம் அவள் பின்னால்தான் நின்றிருக்கிறாள். முன்சக்கரத்தை அவள் பார்க்கவே இல்லை. வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். சேற்றுக்கு அடியில், நகக்கண்ணில், கறுப்பு மசி இருந்தது. மூன்றாவது கதவில் ஒட்டியது. 'டக்'கென்று உட்கார்ந்தது உள்ளங்கைக்கு இன்னும் நினைவிருந்தது.

பனைவெளியின் தொடக்கத்தில் குனிந்த தொப்பியும் நினைவு வந்தது.

எலிஹியோ இடப்பக்கப் பின்சக்கரத்தருகே குனிந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். மூச்சு நாய்க்கு வருவதுபோல வந்தது. அவள் இரண்டு கிளைகளை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக முன்னால் போனாள். குனிந்தாள். முன்சக்கரத்தின் நடுவை விரலால் துடைத்தாள். குமிழின் கோடு திறந்த பக்கம் நின்றது.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டியின் அந்தப் பக்கத்தில் மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தமும், அதை உதறும் சத்தமும் கேட்டன. இறங்கும் சத்தம், உதறும் சத்தம். அந்தக் கையில் தோல் உரிந்திருந்தது. தன் கையாலேயே கழற்றிவிட்டு, தன் கையாலேயே ஒரு மனுஷன் இப்படித் தோண்டுவானா? கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்ததெல்லாம் ஓர் அசதி, முதுகுத்தண்டின் அடியிலிருந்து மேலே ஏறியது. இங்கேயே, இந்தச் சக்கரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டால் என்ன என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை இன்னொரு பேருந்து. அதற்குள் இன்னொரு மழை வரும். அதற்குப் பிறகு கன்று போடும் காலம். இப்படியே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்காது.

உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினாள். 'டக்.'

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

அவள் கிளைகளைச் சக்கரத்தடியில் செருகிவிட்டு எழுந்தாள். வண்டியின் கூரைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான். சேற்றில் கண்கள் மட்டும் வெள்ளையாக.

"ஏறி ஓட்டு," என்றாள்.

அவன் அசையவில்லை. பிறகு மண்வெட்டியைப் பின்னால் போட்டான். ஏறினான். அவள் பின்னால் போய்த் தள்ளவில்லை. ஓரமாக நின்று முன்சக்கரத்தைப் பார்த்தாள். அது சுற்றியது. கிளையைக் கவ்வியது, நழுவியது, மறுபடி கவ்வியது. வண்டி முனகிக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறிப் பாதையின் நடுமுதுகில் நின்றது.

மணி மூன்று.

ஐந்தாவது கதவு. அவள் இறங்கித் திறந்தாள், மூடினாள். ஆறாவது கதவு. அதற்குப் பிறகுதான் அவன் பேசினான்.

"எப்ப பாத்த?"

"தொரிபியோ சொன்னப்புறம்."

வண்டி வழுக்கியது. நேராக்கினான்.

"தோண்டினது நெசமாத்தான் தோண்டினேன்."

"தெரியும். பக்கத்துலதான இருந்தேன்."

"வெளிய வரணும்னுதான் தோண்டினேன். அத மறுபடி போய்ப் பூட்டத்தான்..." அவன் முடிக்கவில்லை. துடைப்பான் கண்ணாடியில் சேற்றை இங்கிருந்து அங்கே தள்ளியது. அவள் காத்திருந்தாள். அவனுக்கு ஒரு வாக்கியம் முடிய எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம். ஏழாவது கதவு வந்தது. வாக்கியம் வரவில்லை.

நெடுஞ்சாலைக்கு அரை கிலோமீட்டர் முன்னால் சரளைக்கல் மேடு தொடங்கும். கெட்டித் தரையில் பூட்டோடு ஓட்டக்கூடாது என்பதால் அங்கே நிறுத்தினான். அவன் இடப்பக்கம் இறங்கினான், அவள் வலப்பக்கம் இறங்கினாள். இரண்டு குமிழும் திறந்தன. ஏறிக்கொண்டார்கள்.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஹசிந்தோ தன் தகரக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ரோட்ட உழுதுட்டே வந்திருக்கீங்க. சோளம் போட்டுரலாமா? இதுக்குத்தான் சங்கிலி போடுறது! ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களா?"

"அவ மட்டும்தான் வெளிய வரா," என்றான் எலிஹியோ. "நான் திரும்பறேன்."

"வெளிய வந்துட்டீன்னா மூணு நாளைக்கு உள்ள விடமாட்டேன்."

"அதுக்குத்தான் வெளிய வரல. பசு கன்னு போடுற நேரம்."

ஹசிந்தோ அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வானொலி அவரிடமும் இருந்தது. "உள்ள இருக்கிறவன் உள்ளயே இருந்தா நான் எதையும் பாக்கல," என்றுவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

மணி நாலேகால். தெற்கில் இரண்டாவது கறுப்பு திரண்டிருந்தது. எலிஹியோ பெட்டியைச் சங்கிலிக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். சுனில்டா குனிந்து சங்கிலிக்கு அடியில் புகுந்து நிமிர்ந்தாள். செய்தித்தாளில் சுற்றிய செருப்பு கையில் இருந்தது. முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"கிளம்பு. இருட்டுறதுக்குள்ள பனைவெளியத் தாண்டிரணும்."

"பஸ்ஸு வரட்டும்."

"வரும். நீ கிளம்பு."

அவன் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கோழிக்கு மக்காச்சோளம் பின்னாடி டப்பாவுல இருக்கு," என்றாள். "சரளை முடியற எடத்துல நிறுத்தி ரெண்டு பக்கமும் பூட்டு. மறந்துராத. வலப்பக்கம் முரண்டும். சும்மா திருப்புனா வராது, உள்ளங்கைய வச்சு அழுத்திட்டுத் திருப்பணும்."

"அந்தப் பக்கத்த நான் தொட்டதே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

அவள் செருப்பை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"ஒரு தடவதான்," என்றான்.

இதுதான் அவன் முடித்த வாக்கியம். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனான்.

ஹசிந்தோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார், தெரெரேக் குவளையை நீட்டினார். சுனில்டா உட்கார்ந்து குடித்தாள். வண்டி சரளைமேட்டில் சின்னதாகிக்கொண்டே போனது. மேடு முடியும் இடத்தில் நின்றது. இடப்பக்கக் கதவு திறந்தது. ஒரு சிறு உருவம் இறங்கிக் குனிந்து, உடனே நிமிர்ந்தது. வண்டியைச் சுற்றி வலப்பக்கம் வந்தது. குனிந்தது.

நிமிரவில்லை.

வடக்கே, நெடுஞ்சாலையின் வளைவில், பேருந்தின் விளக்கு தெரிந்தது.

"என்ன பண்றான் அவன் அவ்வளவு நேரம்?" என்றார் ஹசிந்தோ, கண்ணுக்குமேல் கை வைத்து.

சுனில்டா செருப்பைப் பிரித்துச் சேற்றுக்காலிலேயே மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் முரண்டும்," என்றாள். குவளையை அவர் கையில் கொடுத்தாள். "நன்றி."